60 வண்டிக்கு இடம் கேட்டால் 33 போதும் என்று காட்டுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஆலய சபை ஒன்று மண்டபம் கட்டப் பிளான் போட்டால், கையிலுள்ள பணம் தீரும் முன்பே நிலம் தீர்ந்துவிடுகிறது. மண்டபத்துக்கு வேண்டியது 360 சதுர மீட்டர். அதற்கென்று கேட்கப்படும் வண்டி நிறுத்தத்துக்கு 1,620 சதுர மீட்டர். பிள்ளைகள் ஓடியாட வேண்டிய இடமும், வேம்பும் வில்வமும் நிற்க வேண்டிய இடமும் தாருக்கடியில் போகின்றன. வாரத்தில் ஆறு நாள் அந்தத் தார் வெறிச்சோடிக் கிடக்கும்.

இதைச் சட்டப்படியே குறைக்க முடியும். பலர் முயலாமல் விடுவதற்குக் காரணம், கட்டடத்துக்கு எத்தனை வண்டி இடம் என்று சொல்லும் மாநகராட்சி அட்டவணையில் உள்ள எண்ணை மாற்றவே முடியாது என்று நம்புவதுதான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட், ஐசிபிங்கோ பகுதிகளில் ஆலயம், மண்டபம், சிறு கடை, வீட்டோடு வாடகை அறை கட்டுவோருக்காக இந்தக் கையேடு. மற்ற நகரங்களில், லெனேசியாவிலும் லாடியத்திலும் ரைலண்ட்ஸிலும் இருப்பவர்களுக்கும் வழி ஏறக்குறைய இதுவே. விண்ணப்பத்தின் பெயரும் அட்டவணையின் எண்ணும்தான் ஊருக்கு ஊர் மாறும்.

அந்த எண் எங்கிருந்து வந்தது

கட்டடத்துக்கு இத்தனை வண்டி இடம் கட்டாயம் என்ற விதி 1923-ல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் அடுக்குமாடி வீடுகளுக்காகத் தொடங்கியது. பிறகு உலகெங்கும் பரவியது. தென்னாப்பிரிக்காவில் போக்குவரத்துத் துறை வெளியிட்ட பார்க்கிங் தரநிலைகளின் இரண்டாம் பதிப்பு 1985-ஐச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர் யார், பஸ்ஸிலும் ரயிலிலும் போனவர் யார் என்பது நமக்குத் தெரியும். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-ஆம் ஆண்டு குழுப் பகுதிச் சட்டம் நம் இந்திய வம்சாவளி மக்களைக் கேட்டோ மேனரிலிருந்தும் நகர நடுவிலிருந்தும் பெயர்த்து வேலைக்குத் தொலைவான இடங்களில் கொண்டுபோய் வைத்தது. அப்படி உருவான டவுன்ஷிப்பில் ஆலயத்துக்கு நடந்தும், பலர் சேர்ந்து ஏறும் மினிபஸ் டாக்ஸியிலும் வருபவர்கள் இன்றும் ஏராளம். அவர்கள் யாரும் அட்டவணையின் கணக்கில் இல்லை.

இந்த வரலாற்றை விண்ணப்பத்தில் நீட்டி எழுத வேண்டாம், இரண்டு வரி போதும். எண்ணைக் குறைக்க வைப்பது உங்கள் சொந்தக் கணக்கெடுப்பு.

முதலில் சேர்க்க வேண்டிய தாள்கள்

மாநகராட்சியிடமிருந்து நிலத்தின் ஜோனிங் சான்றிதழ், அதாவது நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது என்ற சான்று. உங்கள் பகுதிக்குப் பொருந்தும் நிலப்பயன்பாட்டுத் திட்டத்தில் பார்க்கிங் பிரிவு முழுவதும். அட்டவணையை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள விதிகளில்தான் தளர்வுக்கான, அதாவது எண்ணைக் குறைத்து அனுமதிப்பதற்கான அதிகாரம் யாரிடம் என்பது இருக்கும். டைட்டில் டீட் (நில உரிமைப் பத்திரம்) நகல், சர்வேயர் ஜெனரல் வரைபடம், ஏற்கெனவே கட்டடம் இருந்தால் அதன் பழைய அங்கீகரிக்கப்பட்ட பிளான்.

டைட்டில் டீடைத் தவறாமல் வரிவரியாகப் படியுங்கள். நிலத்தைப் பிரித்து வழங்கியபோது விதித்த நிபந்தனைகள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிங் பற்றியோ, கட்டடத்துக்கும் எல்லைக்கும் இடையே விட வேண்டிய தூரம் பற்றியோ நிபந்தனை இருந்தால், திட்டத்தின் கீழ் தளர்வு கிடைத்தாலும் அது செல்லாது. அந்த நிபந்தனையை நீக்கத் தனி விண்ணப்பம் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் மாதங்கள் மிச்சமாகும். குவாசூலு-நாட்டால் நிலங்களுக்கான பத்திரப் பதிவகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது.

பழைய பிளான் ஏன் முக்கியம்? 1970-களில் அங்கீகாரம் பெற்ற ஆலயத்துக்கு அப்போது 12 பே (ஒரு வண்டி நிற்கும் கட்டம் ஒரு பே) போதும் என்று ஒப்புக்கொண்டிருந்தால், புதிதாகச் சேர்க்கும் பகுதிக்கு மட்டும் கணக்குப் போடுங்கள் என்று கேட்க அதுவே ஆதாரம். பிளான் கிடைக்காவிட்டால் முழுக் கட்டடத்துக்கும் இன்றைய அட்டவணை பொருந்தும் என்று சொல்லிவிடுவார்கள்.

கட்டாய எண்ணை நீங்களே கணக்கிடுங்கள்

அதிகாரி சொல்லும் எண்ணை அப்படியே ஏற்காதீர்கள். தவறுகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் நடக்கின்றன.

முதலாவது, இருக்கைக் கணக்கு. வழிபாட்டு இடங்களுக்கு அட்டவணை வழக்கமாக இருக்கையை வைத்துத்தான் பேசும்: இத்தனை இருக்கைக்கு ஒரு பே என்று. தேவாலயத்தில் வரிசை பெஞ்சு இருக்கும், எண்ணிவிடலாம். நம் ஆலயத்தில் மக்கள் தரையில் உட்காருகிறார்கள், நிற்கிறார்கள், சுற்றி வருகிறார்கள். நிலையான இருக்கை இல்லையென்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒருவர் என்று எடுப்பது கட்டட விதிகளின் வழக்கம். அது தீ வந்தால் எத்தனை பேர் வெளியேற வேண்டும் என்று பாதுகாப்புக்காகப் போடும் கணக்கு. கதவு அகலத்துக்கு அது சரி. அதே எண்ணை எடுத்து வண்டி எண்ணிக்கையாக்குவது சரியல்ல என்று எழுத்தில் சொல்லுங்கள். கருவறை, பிரதட்சிணப் பாதை, மடைப்பள்ளி, கழிப்பறை, செருப்பு வைக்கும் இடம், சரக்கறை ஆகியவற்றைப் பிளானில் வேறு நிறத்தில் காட்டி, கூட்டம் உட்காரும் பரப்பிலிருந்து கழியுங்கள். இதிலேயே கணிசமாகக் குறையும்.

இரண்டாவது, ஒரே கூட்டத்தை இருமுறை எண்ணுவது. ஆலயத்துக்கு ஒரு எண், சாப்பாட்டு மண்டபத்துக்கு ஒரு எண், பூசாரி வீட்டுக்கு இரண்டு, அலுவலகத்துக்கு நாலு என்று கூட்டிக்கொண்டே போவார்கள். பூஜை முடிந்து, அதே மக்கள் அதே வண்டிகளை அங்கேயே விட்டுவிட்டு, பக்கத்து மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பரிமாறும்போது ஆலயம் காலி. எந்த நேரத்தில் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று மணிவாரியாக ஒரு அட்டவணை போட்டுக் கொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நிரப்ப மாட்டோம் என்று சபை எழுதிக் கொடுத்தால், பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளக் கேட்கலாம். நமது ஆலயங்களுக்கு மிக வலுவான வாதம் இதுதான். வெளியாள் டவுன் பிளானருக்கு இது தோன்றுவதில்லை, ஏனென்றால் அவர் அன்னதானத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

மூன்றாவது, பின்னங்கள். ஒவ்வொரு வரியிலும் 2.3-ஐ 3 ஆக்கி, 4.1-ஐ 5 ஆக்கிக் கூட்டினால் இரண்டு மூன்று பே சும்மா ஏறிவிடும். எல்லாவற்றையும் கூட்டிய பிறகு ஒரே ஒருமுறை முழு எண்ணாக்கச் சொல்லுங்கள், திட்டத்தின் வாசகம் வேறு மாதிரி இல்லாவிட்டால்.

ஒரு பே எவ்வளவு நிலம் தின்னும்

செங்குத்தாக நிறுத்தும் பே 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். இது 12.5 சதுர மீட்டர்தான். ஆனால் நுழைந்து திரும்ப 7 முதல் 7.5 மீட்டர் வழி வேண்டும். இரண்டு பக்கமும் பே இருந்தால் வழியில் பாதி ஒவ்வொரு பக்கக் கணக்கில் சேரும். அப்போது ஒரு பே ஏறக்குறைய 22 சதுர மீட்டர். மூலைகள், நுழைவாயில், நடைபாதை, மரக்குழி சேர்த்தால் 25 முதல் 30 வரை. கணக்குப் போட 27 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்ஸ்வொர்த் மாதிரி மேடு பள்ளத்தில் மண் வெட்டித் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும் என்பதால் சதுர மீட்டருக்கான செலவும் சமநிலத்தைவிட அதிகம். ஒப்பந்தக்காரரிடம் தார், சுவர், வடிகால் மூன்றுக்கும் தனித்தனி விலை வாங்கி, பே ஒன்றுக்கு எத்தனை ராண்ட் என்று வகுத்து சபைக் கூட்டத்தில் படியுங்கள். உறுப்பினர்களின் காணிக்கை எங்கே போகிறது என்று அவர்கள் அறிய வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பே குறைந்தது 3.5 மீட்டர் அகலம், வாசலுக்கு அருகில், சமதளத்தில். இதில் குறைப்பு கேட்காதீர்கள். கேட்டால் விண்ணப்பம் முழுவதும் நம்பகம் இழக்கும். அது நியாயமும் அல்ல.

மழையையும் மறக்க வேண்டாம். 1,620 சதுர மீட்டர் தாரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 81,000 லிட்டர் நீர். அதில் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவிடும், கீழே இருக்கும் வீடுகளை நோக்கி. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் சில நிலையங்கள் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பதிவு செய்தன. 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் தேவையில்லாத தாரைக் கட்டாயமாக்குவது மனதை உறுத்துகிறது. தார் பரப்பைக் குறைத்தால் மழைநீர்த் தொட்டியின் அளவும் குறையும். விண்ணப்பத்தில் இந்த இரண்டு கனஅளவையும், கட்டாய எண்ணுக்கு ஒன்று, நீங்கள் கேட்கும் எண்ணுக்கு ஒன்று, அடுத்தடுத்து எழுதுங்கள்.

கணக்கெடுப்பு: வாசலில்

விண்ணப்பத்தின் உயிர் இங்கே இருக்கிறது. இதைச் சரியாகச் செய்தால் மீதி எளிது.

எந்த நாட்கள்? சாதாரண வெள்ளி மாலை ஒன்று, ஞாயிறு காலை ஒன்று, மண்டபத்தில் கல்யாணம் நடக்கும் சனிக்கிழமை ஒன்று, புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்று. மழை நாள், பள்ளி விடுமுறை வாரம், மாதக் கடைசியின் வெறுங்கை நாட்கள் ஆகியவற்றைத் தவிருங்கள். கூட்டம் குறைந்த நாளில் எண்ணிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று எதிர்ப்பாளர் முதலில் தேடுவது இதைத்தான். புதுக் கட்டடம் என்றால், இதே அளவும் இதே மாதிரிப் பகுதியும் கொண்ட வேறோர் ஆலயத்தில் அவர்கள் அனுமதியோடு எண்ணுங்கள்.

ஒவ்வொரு வாசலிலும் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் உள்ளே வருவதற்கு, ஒருவர் வெளியே போவதற்கு. தாளில் ஐந்து கட்டம்: நேரம், வண்டி வகை, உள்ளிருந்த ஆட்கள், நடந்து வந்தவர்கள், டாக்ஸியிலோ பஸ்ஸிலோ இறங்கியவர்கள். கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும் வண்டியைத் தனியாகக் குறியுங்கள். அதற்கு இடம் வேண்டாம், இறக்கும் இடம் மட்டும் போதும். பக்கியின் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியின்) பின்னால் உட்கார்ந்து வருபவர்களையும் எண்ணுங்கள், எண்ணுபவர்கள் அடிக்கடி விடுவது அவர்களைத்தான். தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நின்று, கூட்டம் கலைந்து அரை மணி வரை இருங்கள். தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, வாசல், எண்ணியவர் கையெழுத்து.

வீட்டுக்கு வந்து 15 நிமிடத்துக்கு ஒரு வரி போடுங்கள்: அதுவரை உள்ளே வந்த வண்டிகள், கழிக்க வெளியே போனவை, முதலிலேயே நின்றவை கூட்டி. வரிகளில் மிகப் பெரிய எண்தான் உச்சம். நாள் முழுவதும் வந்த மொத்த வண்டியை உச்சம் என்று எழுதிவிடாதீர்கள். காலையில் வந்தவர் போய், மாலையில் வந்தவர் அதே இடத்தில் நிறுத்தியிருப்பார். இந்த ஒரு தவறு மட்டுமே தேவையை இரு மடங்காகக் காட்டிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு. மண்டபம் 360 சதுர மீட்டர், அட்டவணை 6 பேருக்கு ஒரு பே என்று வைத்துக்கொள்வோம், சதுர மீட்டருக்கு ஒருவர் என்று எடுத்தால் 60 பே. உங்கள் எண்ணிக்கையில் உச்ச நேரத்தில் உள்ளே 132 பேர். அதில் 42 பேர் நடந்தோ டாக்ஸியிலோ வந்தவர்கள். மீதி 90 பேர், வண்டிக்குச் சராசரி 3 பேர், ஆக 30 வண்டி. 10 சதவீதம் கூடுதலாக வைத்தால் 33. நிலக் கணக்கில் 1,620-க்குப் பதில் 891 சதுர மீட்டர். மிச்சம் 729. இன்னொரு மண்டபத்துக்கும் ஒரு தோட்டத்துக்கும் போதும்.

அந்த 10 சதவீதத்தை விட்டுவிடாதீர்கள். முழுதாக நிறைந்த நிறுத்தத்தில் இடம் தேடிச் சுற்றும் வண்டிகள்தான் தெருவை அடைக்கின்றன. கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப், நூற்றுக்கு 85 நிறைந்தால் அதுவே சரியான அளவு என்று பல ஆண்டுகள் வாதிட்டவர். அவர் அதைத் தெருவோர நிறுத்தத்துக்குச் சொன்னார். தெருக் கணக்கெடுப்பில் அந்த அளவுகோலைப் பயன்படுத்துங்கள்.

கணக்கெடுப்பு: தெருவில்

வாசலிலிருந்து 400 மீட்டர் வரை, அதாவது ஐந்து நிமிட நடைக்குள், தெருக்களைத் துண்டு துண்டாகப் பிரித்து வரைபடத்தில் எண்ணிடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் சட்டப்படி நிறுத்தக்கூடிய நீளத்தை அளந்து, வண்டிக்கு 6 மீட்டர் என்று வகுங்கள். சந்திப்பிலிருந்து 5 மீட்டர், தீயணைப்புக் குழாயின் இரு பக்கமும் 1.5 மீட்டர், வீட்டு நுழைவாயில்கள், நடைமேடை இவற்றைக் கழியுங்கள். சாலை குறுகலாக இருந்து, இரண்டு பக்கமும் நிறுத்தினால் ஆம்புலன்ஸ் போக முடியாதென்றால் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணுங்கள்.

பிறகு கூட்டம் இல்லாத நாளில் ஒருமுறை, கூட்ட நாளின் உச்ச நேரத்தில் ஒருமுறை, அரை மணிக்கு ஒரு சுற்று நடந்து நிற்கும் வண்டிகளை எண்ணுங்கள். கூட்ட நாளில்கூட 85 சதவீதத்தைத் தாண்டவில்லையென்றால் அது உங்களுக்குப் பெரும் பலம். தாண்டினால் மறைக்காதீர்கள். எந்தத் துண்டில் தாண்டியது, அங்கே என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டு அம்மா ஞாயிறுதோறும் தன் வாசல் அடைபடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த உண்மைக்கு எதிராக ஒரு அறிக்கை நிற்காது.

திருவிழா நாள்

தைப்பூசக் காவடிக்கும் ஈஸ்டர் வாரத் தீமிதிக்கும் வரும் கூட்டத்தை வைத்து நிரந்தர நிறுத்தம் கட்டச் சொன்னால், எந்த அளவு நிலமும் போதாது. இங்கே சபை முன்கூட்டியே ஒரு அட்டவணை கொடுக்க வேண்டும்: ஆண்டின் எல்லாக் கூட்டங்களும், தேதியும், கடந்த முறை வந்தவர் எண்ணிக்கையும், பெரிதிலிருந்து சிறிதாக. கேட்கும் எண்ணை மீறும் நாட்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும் என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

அந்த நாட்களுக்குத் தனித் திட்டம். பள்ளி மைதானம் ஒன்று. 1996-ஆம் ஆண்டு பள்ளிச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பள்ளியின் வசதிகளைச் சமூகக் காரியங்களுக்கு நியாயமாகப் பயன்படுத்தவிட நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் தருகிறது. அவர்கள் கடிதத்தை இணையுங்கள். மைதானத்துக்கும் ஆலயத்துக்கும் இடையே ஓட உள்ளூர் டாக்ஸி சங்கத்திடம் பேசி எத்தனை வண்டி, எத்தனை மணி முதல் என்று எழுதி வாங்குங்கள். ஆலய வாசலில் இரண்டு மூன்று மினிபஸ் நிற்கும்படி 20 மீட்டர் நீள இறக்கும் வழி. அதை நிரந்தரமாகவே கட்டுவது நல்லது. முதியவர்களுக்கும், கல்யாண பஸ்ஸுக்கும், இறுதிச் சடங்கு வண்டிக்கும் அது பத்து பேயைவிட உதவும். பெருங்கூட்ட நிகழ்ச்சிகளுக்கு 2010-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டப்படி போலீசிடம் தனியே போக வேண்டியிருக்கும். அந்தச் சட்டம் சமய நிகழ்ச்சிகளையும் உள்ளடக்கியது.

பிறர் இடத்தைப் பகிர்தல்

ஞாயிறு மூடும் கடை, மாலையில் காலியாகும் மருத்துவர் அறை, எதிரே உள்ள பள்ளி இவற்றின் நிறுத்தத்தை உங்கள் கணக்கில் சேர்க்கலாம். வாய்ப்பேச்சு செல்லாது. கடை கைமாறினால் புது உரிமையாளர் சங்கிலி போட்டுவிடுவார். குறைந்தது எழுத்து ஒப்பந்தம், எந்த நாள், எந்த நேரம், எத்தனை பே, விளக்கும் காவலும் யார் பொறுப்பு என்று. மாநகராட்சி உறுதியாக நம்ப வேண்டுமென்றால் நோட்டரி மூலம் நிலத்தின் மேல் பயன்பாட்டு உரிமையாகவோ, 10 ஆண்டும் அதற்கு மேலுமான குத்தகையாகவோ எழுதிப் பத்திரப் பதிவகத்தில் பதிய வேண்டும். அதே பேகளை அந்தக் கடைக்காரர் வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

விண்ணப்பக் கடிதம்

இந்த விண்ணப்பம் டர்பனில் பொதுவாகத் தளர்வு என்றும், கேப் டவுனில் விலக்கு என்ற பொருளில் டிபார்ச்சர் என்றும் வழங்கும். படிவத்தோடு ஒரு விளக்கக் கடிதம் போகும். அதை சாக்பிளான் என்ற திட்டமிடுநர் மன்றத்தில் பதிவு பெற்ற டவுன் பிளானர் எழுதினால் நல்லது. முடியாவிட்டாலும் உள்ளடக்கத்தை நீங்களே தயார் செய்து கொடுங்கள், செலவு பாதியாகும். போக்குவரத்துப் பொறியாளர் அறிக்கை கேட்டால் எவ்வளவு பெரிய அறிக்கை என்று எழுத்தில் தெளிவாக்கச் சொல்லுங்கள். முழு ஆய்வுக்கும் சிறு குறிப்புக்கும் விலையில் பெரிய வித்தியாசம்.

கடிதத்தின் முதுகெலும்பு 2013-ஆம் ஆண்டின் 16-ஆம் எண் நிலத்திட்டச் சட்டம். ஸ்ப்ளூமா என்பார்கள், 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7-ஆம் பிரிவு ஐந்து கொள்கைகளைத் தருகிறது: நில நீதி, நிலைத்த தன்மை, திறன், தாங்குதிறன், நல்ல நிர்வாகம். முடிவெடுப்பவர் அவற்றின் வழிநடக்கக் கடமைப்பட்டவர். ஒவ்வொன்றுக்கும் உங்கள் எண்ணைக் கட்டுங்கள். கார் இல்லாத பக்தர்களின் காணிக்கையில் கார் இடம் கட்டுவது நில நீதிக்கு எதிரானது, நடந்து வருபவர் விகிதம் இதோ. ஓடும் மழைநீரில் இத்தனை லிட்டர் குறையும், அது தாங்குதிறன். கொள்கைப் பெயர்களை மட்டும் அடுக்கி, எண் எதுவும் இல்லாத கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

அதிகாரி தயங்கும் இடத்தில் அவருக்குப் பிடிமானம் கொடுங்கள். மிகவும் பயனுள்ள ஒன்று: மீதி 27 பேக்கான நிலத்தைப் பிளானில் புல்தரையாகக் காட்டி, தேவை என்று கணக்கு காட்டினால் மட்டும் பின்னர் தார் போடுவோம் என்று எழுதிக் கொடுப்பது. அப்படி எழுதினால் அந்த இடத்தில் இன்னொரு மண்டபம் எழுப்ப முடியாது, ஆனால் மரமும் பிள்ளைகள் விளையாட்டும் இருக்கலாம். திறந்து 12 மாதம் கழித்து மறுகணக்கு எடுத்துத் தருவோம் என்பதையும் சேர்த்தால் மறுப்பது கடினம். கூட்டத்துக்கு உச்சவரம்பு எழுதுவதாக இருந்தால் எண்ணிப் பாருங்கள். 130 என்று எழுதிவிட்டு 400 பேருக்கு மண்டபம் வாடகைக்கு விட்டால், அடுத்த வாரமே நோட்டீஸ் வரும்.

அக்கம்பக்கம்

விண்ணப்பம் பற்றிய அறிவிப்புப் பலகை வைப்பதற்கு முன்பே வீடு வீடாகப் போங்கள். சபைத் தலைவர் நேரில் போய், "அக்கா, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசலை யாராவது அடைத்தால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள், அஞ்சு நிமிஷத்தில் நகர்த்துகிறோம்" என்று சொல்லி எண் கொடுத்தால், எதிர்ப்பு மனுக்களில் பெரும்பாலானவை எழுதப்படாமலே போகும். சொன்னால் செய்ய வேண்டும். கூட்ட நாளில் பிரதிபலிப்பு ஜாக்கெட்டோடு இரண்டு தொண்டர்கள் தெருவில் நிற்கட்டும். சம்மதக் கடிதத்தில் வீட்டு எண்ணும் உரிமையாளர் கையெழுத்தும் இருக்கட்டும். வாடகைக்கு இருப்பவர் கையெழுத்தை மாநகராட்சி ஏற்காமல் போகலாம்.

முடிவு வந்த பிறகு

மறுத்தாலோ, ஏற்க முடியாத நிபந்தனை போட்டாலோ, முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஸ்ப்ளூமாவின் 51-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு. இந்த 21 நாள் கையைவிட்டுப் போனால் மீட்பது கடினம், ஆகவே கடிதம் வந்த உறையையும் மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துங்கள். காரணம் சொல்லாமல் மறுத்திருந்தால் 2000-ஆம் ஆண்டு நிர்வாக நீதிச் சட்டப்படி எழுத்தில் காரணம் கேட்க 90 நாள் உண்டு. ஆனால் அந்த 90 நாளை நம்பி 21-ஐ விடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

தளர்வு கிடைத்துவிட்டது என்று கட்டத் தொடங்கக்கூடாது. கட்டடப் பிளான் தனி. 1977-ஆம் ஆண்டு கட்டட விதிகள் சட்டப்படி 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு 30 நாள், பெரிதானால் 60 நாள் மாநகராட்சிக்கு அவகாசம். தளர்வுக் கடிதத்தின் எண்ணும் பிளானில் வரைந்த பே எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 33, மற்றது 34 என்று இருந்தாலே திருப்பி அனுப்புவார்கள்.

வீடும் கடையும்

வீட்டோடு வாடகை அறை கட்டுவோருக்குக் கணக்கு சிறியது, வழி அதுவே. ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் இரண்டு பேயை ஒரே குடும்பத்துக்கு என்றால் ஏற்கும்படி கேளுங்கள். முன் வண்டியை நகர்த்தச் சொல்ல ஆள் வீட்டிலேயே இருக்கிறார். வாடகைக்காரருக்குக் கார் இல்லை என்பது மட்டும் வாதமாகாது, அடுத்த வாடகைக்காரருக்கு இருக்கலாம். டாக்ஸி வழித்தடம் எத்தனை மீட்டர் தூரம் என்று அளந்து எழுதுங்கள். கேட்டுக்கும் சாலை எல்லைக்கும் நடுவே வண்டி முழுதாக நிற்க 5 மீட்டராவது விடுங்கள், இல்லாவிட்டால் கேட்டைத் திறக்கும்வரை வண்டியின் வால் நடைமேடையை மறிக்கும்.

கடைக்காரர்கள் பரப்பைக் கவனியுங்கள். வாடகைக்கு விடக்கூடிய பரப்புக்கு மட்டுமா, சுவரோடு மொத்தப் பரப்புக்கா என்று திட்டத்தில் பாருங்கள். மாடிப்படி, பொதுக் கழிப்பறை, குப்பை அறை கழிந்தால் சிறு கடைக்கு ஒரு பே மிச்சம், சில சமயம் அதுவே அனுமதிக்கும் மறுப்புக்கும் இடையிலான வித்தியாசம்.

அட்டவணையையே மாற்றக் கேட்பது

ஒவ்வொரு சபையும் தனித்தனியாகத் தளர்வு கேட்டுக்கொண்டிருப்பது பணமும் காலமும் விரயம். ஸ்ப்ளூமாவின் 27-ஆம் பிரிவு, நிலப்பயன்பாட்டுத் திட்டத்தைக் குறைந்தது ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபார்வை செய்யச் சொல்கிறது. அப்போது பொதுமக்கள் கருத்துக்கு வரைவு வெளியாகும். அதற்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் பெரிய கட்டுமான நிறுவனங்களிடமிருந்தே. நம் சபைகள் சேர்ந்து ஒரு கடிதம் போட வேண்டும்.

கேட்பதற்கு முன்னுதாரணம் உள்நாட்டிலேயே இருக்கிறது. கேப் டவுனின் வளர்ச்சித் திட்டம் பொதுப் போக்குவரத்து நல்ல பகுதிகளை பி.டி.1, பி.டி.2 என்று குறித்து அங்கே கட்டாய எண்ணைக் குறைத்திருக்கிறது, சில பயன்பாடுகளுக்குப் பூஜ்யம் வரை. வெளிநாட்டில் அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-ல் நகர் முழுவதும் கட்டாயத்தை நீக்கியது. மெக்சிகோ சிட்டி அதே ஆண்டு குறைந்தபட்சத்தை எடுத்துவிட்டு உச்சவரம்பு வைத்தது. நியூசிலாந்து 2020-ஆம் ஆண்டு தேசியக் கொள்கை வழியாக நகராட்சிகளை இவ்விதிகளை நீக்கச் செய்தது. கட்டாயம் நீங்கினால் யாரும் பார்க்கிங் கட்டக்கூடாது என்று பொருளில்லை. எத்தனை வேண்டும் என்று கட்டுபவர் தீர்மானிப்பார்.

கடிதத்தில் மூன்று வேண்டுகோள் போதும். டாக்ஸி, பஸ், ரயில் நிற்கும் இடங்களிலிருந்து 400 மீட்டருக்குள் வழிபாட்டு இடங்களுக்கும் சிறு கடைகளுக்கும் கட்டாய எண் நீக்கம். தரையில் உட்காரும் வழிபாட்டு இடங்களுக்குத் தனிக் கணக்கு முறை. ஒரே வளாகத்தில் ஒரே கூட்டத்தை இருமுறை எண்ணக்கூடாது என்ற தெளிவான வாசகம். மூன்றுக்கும் ஆதாரமாகப் பல ஆலயங்களின் வாசல் கணக்கை ஒரே படிவத்தில் தொகுத்து இணையுங்கள். வரைவு வெளியாகும் வரை காத்திருந்தால் காலம் போதாது. இந்த ஆண்டுப் புரட்டாசியிலேயே எண்ணத் தொடங்கி, தாள்களை சபை அலுவலகத்தில் ஒரு கோப்பில் வைத்து, வார்டு கவுன்சிலருக்கு ஒரு நகல் கொடுத்துப் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.